பாலும் குறையாமல், உடம்பும் குறைய

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வுகளின் ஒரு பகுதியாக ஹெந்தளையில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியத் துறைக்குப் போனவர்கள் மூவர். ஒருவர் கனடாவில், ஒருவர் ராகமையில், இன்னொருவர் இங்கே மேடையில். மூவரும் சேர்ந்துதான் இந்த உரையைத் தயாரித்தோம். ஆகையால் பேச்சு முழுக்க "நாங்கள்" என்றே வரும். மூவரும் பிள்ளை பெற்றவர்கள். மூவருக்கும் உடம்பு வைத்தது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

சங்கத்தினர் தலைப்பைக் கேட்டபோது "பிள்ளை பெற்ற பிறகு மெலிவது எப்படி" என்றோம். செயலாளர் அக்கா சிரித்தார். நூறு வருடப் பள்ளிக்கூடத்தின் விழாவில் பேசுகிற விஷயமா என்று நினைத்திருப்பார். ஆனால் எங்கள் வகுப்பு வட்சப் குழுவில் கடந்த பதினைந்து வருடத்தில் அதிகம் கேட்கப்பட்ட வைத்தியக் கேள்வி இதுதான். அதுவும் இரவு இரண்டு மணிக்கு, ஒரு கையில் பிள்ளையோடு கேட்கப்பட்ட கேள்வி.

எங்கள் பிழையிலிருந்து தொடங்குகிறோம். பல வருடங்களுக்கு முன் ஒரு கிளினிக்கில், எட்டாம் வாரத்தில் ஒரு தாய் வந்தார். பிள்ளையை நிறுத்தோம், பதிவேட்டில் புள்ளி போட்டோம், நல்லாக வளர்கிறது என்றோம். எழும்பும்போது அவர் தயங்கித் தயங்கி, "மிஸ், என்ர உடம்பு குறையேல்ல" என்றார். "பால் குடுங்கோ, அது தானா வத்தும்" என்று சொல்லி அனுப்பினோம். அவருக்குக் கர்ப்ப காலத்தில் சீனி இருந்தது. அது அட்டையில் எழுதியும் இருந்தது. எவரும் திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு வருடம் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காக இரத்தம் சோதித்தபோது அவர் முழு நீரிழிவு நோயாளி. வயது 31. அவர் கேட்டது அழகுக்கான கேள்வி என்று நாங்கள் நினைத்தோம். அது உயிருக்கான கேள்வி.

"தானா வத்தும்" என்பது பாதி உண்மைதான். பிள்ளை பிறக்கும்போது பிள்ளை, நஞ்சுக்கொடி, பன்னீர் எல்லாம் சேர்ந்து ஐந்து கிலோ அளவில் போகும். அடுத்த சில வாரங்களில் மேலதிக நீரும் இரத்தமுமாக இன்னும் இரண்டு, மூன்று கிலோ. மிச்சம் இருப்பதில் மூன்று, நான்கு கிலோ கொழுப்பு உடம்பு வேண்டுமென்றே சேர்த்து வைத்தது. பால் சுரப்பதற்கான முதல் அது. முழுத் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு சுமார் 750 மில்லிலீற்றர் பால் போகிறது. அதற்காகத் தாய்க்கு மேலதிகமாக 500 கலோரி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஒரு பகுதியைச் சேமிப்பிலிருந்தே உடம்பு எடுத்துக்கொள்ளும் என்பதையும் கழித்துத்தான் அந்த 500.

அப்படியானால் ஏன் பலருக்கு வத்துவதில்லை? பால் கொடுக்கும்போது பசி பேய்ப் பசியாக வரும், நித்திரை கிடையாது, அசைவு குறைவு. அதற்கு மேல் எங்கள் வீடுகள்! கொட்டாஞ்சேனையிலிருந்து ஹெந்தளைக்கு வந்த வீடானாலும், வெள்ளவத்தை மாடிவீடானாலும், ஸ்காபரோவானாலும், அம்மா ஒருவர் வந்து இறங்கிவிடுவார். சூட்கேசில் சரக்குத் தூள், நல்லெண்ணெய்ப் போத்தல், உள்ளி. "சாப்பிடு பிள்ளை, ரெண்டு உயிருக்குச் சாப்பிடு." இரண்டாவது உயிரின் எடை மூன்று கிலோ என்பதை யாரும் நினைப்பதில்லை.

இங்கே அம்மாமாரைக் குறை சொல்ல வரவில்லை. சரக்குக் கறி நல்ல சாப்பாடு. மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், உள்ளியோடு மீன். அதில் பிழை என்ன? முருங்கையிலை வறையும் அப்படித்தான். சுறா வறையைக் கொஞ்சம் குறைக்கலாம், பெரிய சுறாவில் பாதரசம் சேரும். திக்கோவிட்டத் துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்க, சாளையும் நெத்தலியும் அதைவிட நல்லது, மலிவும்கூட. பிழை வருவது கறியின் மேல் ஊற்றும் எண்ணெயில். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் 120 கலோரி. மூன்று நேரமும் இரண்டு கரண்டி வீதம் ஊற்றினால் 720. பாலுக்குப் போகிற 500ஐ எண்ணெயே திருப்பித் தந்துவிட்டது. சீனி போட்ட மா பானமும், பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் கேக்கும் தனிக் கணக்கு.

தண்ணீரைக் குறைக்கச் சொல்வதை மட்டும் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். "வயிறு ஊதும்" என்று தாகத்தோடு தாயை இருத்துவது தவறு. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். தாகத்துக்குக் குடிக்க வேண்டும், அவ்வளவுதான். வயிற்றைச் சீலையால் கட்டுவது முதுகுக்கு இதமாக இருக்கும். ஆனால் அதனால் கொழுப்பு கரையாது.

இனி மற்றப் பக்கம். எங்கள் வகுப்பில் ஒருத்தி, பெயர் வேண்டாம், பிள்ளைக்கு மூன்று மாதத்தில் தம்பியின் கலியாணம். சாறிச் சட்டை கையில் ஏறவில்லை. காலையில் வெறும் தேத்தண்ணீர், பகலில் வெள்ளரிக்காய், இரவில் ஒன்றுமில்லை. மூன்று கிழமையில் ஆறு கிலோ போனது. கலியாணப் படத்தில் வடிவாகத்தான் நிற்கிறாள். அதற்கு இரண்டு நாள் முன் குளியலறையில் மயங்கி விழுந்ததும், தூக்கமும் பசியும் இல்லாத களைப்பில் பிள்ளையை அடிக்கடி தூக்கிப் பால் கொடுக்க இயலாமல் புட்டிக்குப் போனதும் படத்தில் தெரியாது. ஐந்தாம் மாதத்தில் பால் நின்றுவிட்டது. இன்றைக்கும் அதைச் சொன்னால் அழுகிறாள். போன எடை எட்டு மாதத்தில் வட்டியோடு திரும்பி வந்தது.

தாய் குறைவாகச் சாப்பிட்டால் பால் உடனே வற்றிவிடும் என்பதும் சரியல்ல. மேற்கு ஆபிரிக்காவில் கம்பியா நாட்டின் கெனேபா என்ற கிராமத்தில் இதைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். குறைவாகச் சாப்பிடும் அந்தத் தாய்மாரிடம் பால் நன்றாகவே இருந்தது. மேலதிக உணவு கொடுத்தபோது பாலின் அளவு கூடவில்லை. பிள்ளைக்கு வேண்டியதை உடம்பு கொடுத்துவிடுகிறது. கணக்கு முடிப்பது தாயின் தசையிலும் சேமிப்பிலும்தான். எங்கள் தோழிக்குப் பால் போனதற்குக் காரணம் வெள்ளரிக்காய் மட்டுமல்ல. களைப்பும், பிள்ளை மார்பில் சூப்புவது குறைந்ததும்தான்.

எவ்வளவு குறைத்தால் பாதுகாப்பு? இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் லவ்லேடி என்பவரின் குழு அமெரிக்காவின் வட கரோலினாவில் செய்த ஆய்வு வந்தது. எடை கூடிய, பால் கொடுக்கும் 40 தாய்மார். ஒரு பகுதியினர் நாளுக்கு 500 கலோரி குறைத்து, உடற்பயிற்சியும் செய்தார்கள். 10 வாரத்தில் சராசரியாக 4.8 கிலோ குறைந்தது. அதாவது வாரத்துக்கு அரைக் கிலோ. பிள்ளைகளின் வளர்ச்சியில் மற்றக் குழுவோடு வித்தியாசம் எதுவும் இல்லை.

ஆகவே நாங்கள் சொல்வது: பால் சீராக வந்து பிடிபடும் வரை, ஆறு தொடக்கம் எட்டு வாரம், குறைக்கும் எண்ணமே வேண்டாம். பிறகு மாதத்துக்கு இரண்டு கிலோ. நாளுக்கு 1800 கலோரி அளவில் சாப்பிடலாம். 1500க்குக் கீழே இறங்கக் கூடாது. கலோரி எண்ணத் தேவையில்லை. சோற்றுக் கோப்பையில் பாதியை மரக்கறிக்கும் இலைவகைக்கும் விடுங்கள், கால்வாசி மீன், முட்டை அல்லது பருப்பு, கால்வாசி சோறு. தேத்தண்ணீரில் சீனி இரண்டு கரண்டி என்று நாளுக்கு ஐந்து தடவை குடித்தால் அதுவே 160 கலோரி. பின்னேரம் பசிக்கும்போது மாலுபாணுக்குப் பதில் அவித்த கடலை. இரவில் பால் கொடுக்க எழும்பும்போது பசித்தால் சாப்பிடுங்கள், ஆனால் பிஸ்கட் டின்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். (மேடையில் நிற்பவர் அதை வைத்திருந்தவர்.)

திரிபோஷவைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்தில் ஜா-எலயில் செய்யப்பட்டு, பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஆறு மாதம் வரை கிளினிக்கில் இலவசமாகத் தரப்படுவது. 50 கிராம் சுமார் 200 கலோரி, புரதமும் இரும்புச் சத்தும் சேர்ந்தது. உடம்பு வைக்கும் என்று அதை ஒதுக்கிவிட்டு மா பானத்தைக் காசு கொடுத்து வாங்குபவர்களைப் பார்க்கிறோம். திரிபோஷவைக் காலைச் சாப்பாட்டின் ஒரு பகுதியாக எடுங்கள், அதற்கு மேலதிகமாக அல்ல. கிளினிக்கில் தரும் இரும்பு, கல்சியம் குளிசைகளையும் நிறுத்த வேண்டாம். பால் கொடுக்கும் மாதங்களில் எலும்பிலிருந்து கல்சியம் போகும். பால் மறந்த பிறகு திரும்பி வரும்.

மாச்சத்தை முழுதாக விடும் "கீட்டோ" முறையைப் பால் கொடுக்கும்போது தொடவே கூடாது. 2015இல் சுவீடனில் நீரிழிவே இல்லாத ஒரு தாய், இப்படிச் சாப்பிட்டு, இரத்தத்தில் அமிலம் ஏறி, மருத்துவமனைக்குப் போகவேண்டி வந்ததை வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இணையத்தில் விற்கும் மெலியும் தேயிலை, பெயர் தெரியாத குளிசை, இப்போது எல்லோரும் கேட்கும் வாராந்த ஊசி, எதுவும் பால் கொடுக்கும்போது வேண்டாம்.

நடை நல்லது. சுகப்பிரசவம் என்றால் ஓரிரு வாரத்திலேயே மெதுவாகத் தொடங்கலாம். சிசேரியன் என்றால் காயம் ஆறியபின், ஆறு வாரச் சோதனையில் கேட்டுக்கொண்டு கூட்டலாம். ஹெந்தளையில் இருப்பவர்களுக்கு ஹமில்டன் கால்வாய்க் கரை இருக்கிறது. 1804இல் வெட்டி முடித்த கால்வாய், இன்று நுளம்பும் மணமும் உண்டு, ஆகவே காலை நேரமே உசிதம். பனி நாட்டில் இருப்பவர்கள் கடைத்தொகுதிக்குள் பிள்ளை வண்டியைத் தள்ளுங்கள். படுத்தெழும்பும் வயிற்றுப் பயிற்சியை எடுத்தவுடன் செய்யாதீர்கள், நடு வயிற்றுத் தசை பிரிந்திருந்தால் அது கூடும். பால் கொடுத்துவிட்டு நடந்தால் மார்பு பாரமாக இராது.

பிள்ளைக்குக் குறைகிறதா என்று எப்படி அறிவது? மார்பை அமத்திப் பார்த்து அல்ல. நாளுக்கு ஆறு தடவையாவது சலம் போகிறதா, பதிவேட்டில் கோடு தன் பாதையில் ஏறுகிறதா என்று பாருங்கள். கோடு தட்டையானால் உங்கள் மெலிவை அந்த மாதம் நிறுத்துங்கள். வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் உங்களையும் நிறுக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் பிள்ளைக்கு மட்டும் வருபவர் அல்ல.

எல்லாம் செய்தும் குறையாவிட்டால், அல்லது முடி கொட்டி, குளிர்ந்து, எதிலும் மனம் பற்றாமல் இருந்தால், தைரொயிட் சோதனை செய்யுங்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய முதல் வருடத்தில் அது குழம்புவது அரிதல்ல. மனம்தான் காரணமாகவும் இருக்கலாம். கணவன்மார் இங்கே பின்வரிசையில் இருக்கிறார்கள். உங்கள் பகிடி அவளுக்குப் பகிடி அல்ல.

கடைசியாக, அந்த 31 வயதுத் தாயிடம் திரும்புவோம். கர்ப்பத்தில் சீனி வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்காவது அதிகம். 6 தொடக்கம் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனை கட்டாயம். அதற்குப் பிறகு வருடா வருடம் ஒரு இரத்தச் சோதனை. தாய்ப்பால் கொடுப்பதே அந்த ஆபத்தைக் குறைக்கும். ஆசியரான எங்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23க்கு மேலேயே ஆபத்து ஏறத் தொடங்குகிறது. 155 சென்ரிமீற்றர் உயரமான ஒருவருக்கு அது சுமார் 55 கிலோ. அடுத்த பிள்ளைக்கு முன் எடை கூடினால் இரத்த அழுத்தமும் சீனியும் வரும் வாய்ப்பு கூடும் என்று 2006இல் சுவீடனின் ஒன்றரை இலட்சம் தாய்மாரை வைத்து லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது.

அந்தத் தாய் இப்போதும் எங்களிடம் வருகிறார். மகளுக்குப் பன்னிரண்டு வயது. எங்களிடம் அவர் கோபப்பட்டதே இல்லை. அது எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

தேநீர் இடைவேளையில் மண்டபத்தின் பின் மூலையில், திரைக்குப் பின்னால், தராசும் சீனி பார்க்கும் கருவியும் வைத்திருக்கிறோம். பெயர் எழுத மாட்டோம். பிள்ளைக்கு இப்போது இருபது வயது என்றாலும் பரவாயில்லை, வாருங்கள்.