கேரட்டுக்கு மண்ணே காவல்

(தொடர்கல்வி மையத்தில் நடந்த பேச்சு)



கேரட் நம் எல்லோருக்கும் தெரிந்த காய்தான். பஞ்சாப், அரியானா பக்கம் குளிர்காலத்தில் சிவப்புக் கேரட் விளைகிறது. நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் ஆரஞ்சு நிறக் கேரட் விளைகிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு பாத்தி இருந்தால் நாமும் போடலாம். சமவெளியில் குளிர்காலம்தான் இதற்கு ஏற்றது. விதைத்து ஏறக்குறைய 3 மாதத்தில் பிடுங்கலாம்.

கேரட் கண்ணுக்கு நல்லது. அதில் உள்ள சத்தை நம் உடம்பு ஏ வைட்டமினாக மாற்றிக்கொள்கிறது. பிடுங்கிக் கழுவி, பிள்ளைகள் பச்சையாகவே கடித்துத் தின்பார்கள்.

இப்படிப்பட்ட செடியில் பூச்சி விழுந்தால் என்ன செய்வது? கையில் கிடைத்த மருந்தைத் தூவலாமா? கூடாது. ஏன்? நாம் தின்பது அதன் வேரை. மண்ணில் போடும் நஞ்சு அந்த வேரைத்தான் தொடும்.

ஃபோரேட் என்று ஒரு குருணை மருந்து இருந்தது. மண்ணில் தூவுவார்கள். அது கொடிய நஞ்சு. 2020 டிசம்பர் 31 முதல் நம் நாட்டில் அதற்குத் தடை. பழைய பொட்டலம் யார் வீட்டிலாவது கிடக்கலாம். அதைத் தொடாதீர்கள். கிணற்றிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வேளாண்மை அலுவலரிடம் சொல்லி வழி கேளுங்கள்.

சரி, நஞ்சு இல்லாமல் எப்படிக் காப்பது? முதலில் எதிரியைத் தெரிந்துகொள்வோம்.

முதல் எதிரி வெட்டுப்புழு. காலையில் போய்ப் பார்த்தால் இளஞ்செடி அடியோடு வெட்டுப்பட்டுக் கிடக்கும். புழுவைக் காணோம். எங்கே போயிற்று? பகலில் மண்ணுக்குள் ஒளிந்திருக்கும். வெட்டுப்பட்ட செடியைச் சுற்றி இரண்டு விரல் ஆழம் கிளறுங்கள். சுருண்டு கிடக்கும். எடுத்து நசுக்கிவிடுங்கள். இரவில் விளக்கோடு போய்ப் பார்த்தாலும் பிடிக்கலாம்.

இரண்டாவது எதிரி வேர்ப்புழு. வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை, ஆறு கால்கள். வளைந்து கிடக்கும். மண்ணுக்கு அடியில் இருந்து வேரைத் தின்னும். செடி வாடுவதைப் பார்த்துத்தான் நமக்குத் தெரியும். இதன் தாய் ஒரு வண்டு. கோடை மழை பெய்ததும் மாலையில் மண்ணிலிருந்து கிளம்பும். வேம்பு, முருங்கை போன்ற மரங்களில் உட்கார்ந்து இலையைத் தின்னும். அப்போது கிளையை உலுக்குங்கள். விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த நீரில் போடுங்கள். ஒரு வண்டு போனால் பல புழுக்கள் குறையும்.

மூன்றாவது எதிரி அசுவினி. செடிப்பேன் என்றும் சொல்வோம். இலையில் கூட்டமாக ஒட்டிச் சாற்றை உறிஞ்சும். இலை சுருளும், பிசுபிசுக்கும், எறும்பு வரும். யூரியாவை அதிகம் போட்டால் இலை கொழுக்கும், அசுவினியும் பெருகும். சிவப்பு நிறப் பொறிவண்டு அசுவினியைத் தின்னும். அது நம் நண்பன். அதைக் கொல்லாதீர்கள்.

அசுவினி அதிகமானால் வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். காலையில் பிழிந்து வடிகட்டுங்கள். சிறிது சோப்புக் கரைசல் சேருங்கள். அன்று மாலையே இலையின் இரண்டு பக்கமும் தெளியுங்கள். மறுநாளைக்கு வைக்க வேண்டாம். இது பூச்சியை உடனே கொல்லாது. அது தின்பதையும் பெருகுவதையும் குறைக்கும். பொறுமை வேண்டும்.

ஆனால் பெரிய காவல் விதைப்பதற்கு முன்பே இருக்கிறது. கேரட்டை நாற்று விட்டுப் பிடுங்கி நடுவதில்லை. அந்த இடத்திலேயே விதைக்கிறோம். வேரில் அடிபட்டால் கிழங்கு கோணலாகும், கிளைத்துப் போகும். ஆகவே முன்கூட்டியே மண்ணைச் சரி செய்ய வேண்டும்.

கோடையில் பாத்தியை ஒரு அடி ஆழம் கொத்திப் போடுங்கள். புழுவும் கூட்டுப்புழுவும் மேலே வரும். வெயில் கொல்லும். கோழியும் மைனாவும் பொறுக்கித் தின்னும். காசு செலவில்லாத வேலை இது.

நன்றாக மட்கிய எருவையே போடுங்கள். பச்சைச் சாணத்திலும் பாதி மட்கிய எருவிலும் புழு இருக்கும். பச்சை எரு போட்டால் கிழங்கும் பிளவுபடும். எருவை அள்ளும்போது கிளறிப் பாருங்கள். புழு இருந்தால் கோழிக்குப் போடுங்கள்.

களையை வளர விடாதீர்கள். வெட்டுப்பூச்சி களையிலும் முட்டை இடும். அதே பாத்தியில் மறுபடி மறுபடி கேரட் போடாதீர்கள். அடுத்த முறை கீரையோ அவரையோ போடுங்கள்.

ஒரு சந்தேகம் வரும். இவ்வளவு செய்தும் ஒன்றிரண்டு கிழங்கில் ஓட்டை இருந்தால்? அந்த இடத்தை வெட்டி எறியுங்கள். மீதியைச் சமைக்கலாம். ஓட்டை கண்ணுக்குத் தெரியும். நஞ்சு கண்ணுக்குத் தெரியாது.

தினமும் காலையில் கால் மணி நேரம் பாத்தியைச் சுற்றிப் பாருங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். பூச்சி ஒன்றாக இருக்கும்போது பிடிப்பது எளிது.