பூனைக்குட்டியின் கழுத்துப்பட்டி



நாய்க்குச் சங்கிலி உண்டு. பசுவுக்குக் கயிறு உண்டு. ஆட்டுக்கும் ஒரு கட்டை உண்டு. நம் வீட்டு விலங்குகளுள் கட்டின்றித் திரிவது பூனை ஒன்றே. காலையில் அது நமது அடுப்படியில் பால் குடிக்கும்; நண்பகலில் அயல்வீட்டுத் திண்ணையில் உறங்கும்; இரவில் யாருடைய கூரையில் உலாவுகிறது என்பதை அதுதான் அறியும். அது நம் வீட்டுப் பூனை என்று நாம் எண்ணியிருக்க, அதுவோ ஒழுங்கை முழுவதையும் தன் வீடாகக் கொண்டிருக்கும்.

இத்தகைய பிராணியின் கழுத்தில் எதனைக் கட்டுவது, எப்பொழுது கட்டுவது, எப்படிக் கட்டுவது என்பனவே இன்றைய பேச்சின் பொருள். இது அற்ப விடயமாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால், அன்போடு கட்டிய பட்டியே குட்டியின் உயிருக்கு உலை வைப்பதும் உண்டு. தகாத பட்டியைக் கட்டுவதிலும் பார்க்க, ஒன்றும் கட்டாமல் விடுவதே நன்று.

அப்படியானால் பட்டி எதற்கு? அழகுக்காக என்பதைத் தள்ளிவிடுவோம். தன் அழகுக்குப் பூனை நம்மிடம் கடன்பட்டதன்று. பட்டியின் உண்மையான பயன், 'இந்தப் பூனைக்கு உரியவர் உளர்' என்று பிறருக்கு அறிவிப்பதே. நமது ஊர்களில் வேண்டாத பூனையைச் சாக்கிலே போட்டுச் சந்தையடியில் விட்டுவிடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. கழுத்து வெறுமையாக இருக்கும் பூனையைக் காண்பவர், அதனை ஊர்ப்பூனை என்றே கொள்வர். வீதியில் அடிபட்டுக் கிடந்தாலும், வழிதவறிப் பிறிதோர் ஊரிற் சேர்ந்தாலும், கழுத்தில் ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தால் நமக்குச் செய்தி வரும். இஃது ஒன்றே பட்டிக்குப் போதிய காரணம்.

இனி, பட்டியினால் விளையும் தீங்கைக் காண்போம். அதனை அறியப் பூனையின் உடலமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். மனிதருக்குத் தோளையும் நெஞ்சையும் இணைத்து நிற்கும் காறை எலும்பு உண்டு. பூனைக்கு அவ்வெலும்பு மிகச் சிறியது. வேறெந்த எலும்போடும் பொருந்தாமல் தசைக்குள்ளே தனித்துக் கிடப்பது. ஆதலால் அதன் தோள்கள் ஒடுங்கிக் கொடுக்கும். தலை நுழைந்த இடத்தில் உடலும் நுழைந்துவிடும். வேலிப் பொட்டு, யன்னற் கம்பி, கூரை இடுக்கு ஆகிய யாவும் அதற்குப் பெருவழிகளே. இந்தத் துணிவோடு நுழையும் பிராணியின் கழுத்தில் எதிலும் மாட்டத்தக்க ஒரு வளையத்தை நாம் பூட்டுகின்றோம். அபாயம் இங்கேதான் தொடங்குகின்றது.

அபாயங்கள் மூவகைப்படும். முதலாவது, தொங்குதல். மரத்திலிருந்தோ மதிலிலிருந்தோ குட்டி பாயும்போது பட்டி ஒரு கொப்பிலோ முட்கம்பியிலோ மாட்டிக்கொண்டால், நிலத்தை எட்டாது அது கழுத்தில் தொங்க நேரிடும். இரண்டாவது, வாயிற் சிக்குதல். தன்னை நக்கித் துப்புரவு செய்யும்பொழுது தளர்ந்த பட்டி கீழ்த்தாடைக்குள் மாட்டிக்கொள்ளும். வாயை மூடவும் இயலாது, பட்டியை விடுவிக்கவும் இயலாது. மூன்றாவது, முன்னங்கால் நுழைதல். பட்டியைக் கழற்றுவதற்குக் குட்டி காலால் இழுக்கும்போது கால் அதனுள்ளே புகுந்துவிட்டால், பட்டி கழுத்துக்கும் கக்கத்துக்கும் குறுக்கே இறுகி நிற்கும். நடக்க நடக்க அது கக்கத்துத் தோலை அறுக்கும். அத்தகைய புண் எளிதில் ஆறாது. காலை எடுத்து வைக்குந்தோறும் தோல் அசைவதால், தைத்த இடமும் மீண்டும் பிரியும். வீட்டுக்கு வராமற் சில நாள் திரியும் பூனைக்கு இது நேர்ந்தால் அதன் துன்பம் சொல்லுந்தரமன்று.

இவற்றைக் கேட்டுப் பட்டி என்றாலே அஞ்சவும் வேண்டுவதில்லை. அமெரிக்காவின் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில் 538 பூனைகளுக்குப் பட்டி அணிவித்து ஆறு மாத காலம் கவனித்தனர். அவற்றுள் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைந்த தொகையின அந்தக் காலம் முழுவதும் பட்டியை ஏற்றுக்கொண்டிருந்தன. பட்டியில் கால் சிக்கியோ, வாய் சிக்கியோ, வேறொரு பொருளில் பட்டி மாட்டியோ இடருற்றவை 18. நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு எனலாம். இது பெருந்தொகையன்று, ஆயினும் அந்த மூன்றில் ஒன்று நமது குட்டியாக இருத்தல் கூடுமன்றோ? ஆதலால் நல்ல பட்டியைத் தெரிந்தெடுப்பது நம் கடன்.

நம்மவர் கட்டும் பொருள்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

எல்லாவற்றினும் கொடியது நூல். நாவூறு படாதிருக்கக் கறுப்பு நூல் கட்டுவதும், பிள்ளைகள் விளையாட்டாக ரிப்பனோ கம்பளி நூலோ கட்டுவதும் பல வீடுகளில் உண்டு. நூல் அறாது, நெகிழாது, குட்டி வளர்ந்தாலும் தான் வளராது. உரோமத்துள் மறைந்து கிடப்பதால் நம் கண்ணிலும் படாது. சில கிழமைகளில் அது தோலை அறுத்து உள்ளே இறங்கிவிடும். புண் நாறிய பின்னரே பலர் அதனைக் காண்கின்றனர். இந்தப் பேச்சைக் கேட்கும் நேயர் எவரேனும் தமது குட்டியின் கழுத்தில் நூல் கட்டியிருப்பின், பேச்சு முடிந்ததும் ஒரு கத்தரிக்கோலை எடுப்பாராக.

அடுத்தது, இடுப்புப் பட்டியைப் போலத் துளையில் முள்ளைக் கோத்துப் பூட்டும் தோற்பட்டி. இது நாய்க்கு ஏற்றது. நாயை நாம் பிடித்து நடத்துகின்றோம்; ஆகவே அதன் பட்டி கழலாதிருத்தல் வேண்டும். நாய் மரத்தில் ஏறுவதில்லை. பூனைக்கோ இதே உறுதி தூக்குக் கயிறாகிவிடும். நாய்க்குட்டியின் பட்டியைச் சிறிதாக்கிப் பூனைக்குட்டிக்குக் கட்டுவோர் இந்த வேறுபாட்டை எண்ணுவதில்லை.

மூன்றாவது, இலாஸ்ரிக் வைத்துத் தைத்த பட்டி. மாட்டிக்கொண்டாற் பட்டி இழுபடும், தலை வெளியே வந்துவிடும் என்பது இதனைச் செய்தவர்களின் எண்ணம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றது. ஆனால், தலை வெளியே வரும் அளவுக்கு இழுபடும் பட்டியில் கால் உள்ளே போகவும் இடம் உண்டு. கால் போனதும் இலாஸ்ரிக் மீண்டும் சுருங்கி இறுகும். சற்று முன்னர் கூறிய கக்கத்துப் புண்ணுக்கு இது வாய்ப்பான வழி.

நான்காவதே நாம் தேடுவது. இழுபட்டாற் தானே திறந்துகொள்ளும் பூட்டு அமைந்த பட்டி அது. நாடா இழுபடாதது, பூட்டு மட்டும் இரண்டு பிளாஸ்ரிக் துண்டுகளாக ஒன்றினுள் ஒன்று பொருந்தியிருக்கும். இருபுறமும் விசையோடு இழுபட்டால் துண்டுகள் பிரிந்து பட்டி விழுந்துவிடும். குட்டி தப்பிவிடும். கடையில் இதனைக் கேட்டு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பயணப் பையில் உள்ளதுபோல இரண்டு பக்கமும் விரலால் அழுத்தினாலன்றித் திறவாத பூட்டும் பார்வைக்கு இதனைப் போன்றதே. அதனைத் திறக்க மனிதக் கை வேண்டும். மரக்கொப்பிலே மனிதக் கை இராது.

பெட்டியின்மேல் 'பாதுகாப்பானது' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். குட்டியின் நிறை ஒன்றரைக் கிலோ என்றால், ஒன்றரைக் கிலோ அரிசியை ஒரு பையில் இட்டு, பூட்டிய பட்டியில் அதனைத் தொங்கவிட்டு, பூட்டுக்கு எதிர்ப்புறத்தைக் கையிற் பிடித்துத் தூக்குங்கள். பூட்டுத் திறந்துகொண்டால் அந்தப் பட்டி உங்கள் குட்டிக்கு ஏற்றது. திறவாவிட்டால் அது வேறொரு பூனைக்கு உரியது. ஏனெனில், தொங்கும் குட்டிக்குப் பூட்டைத் திறக்கத் துணையாக இருப்பது பெரும்பாலும் அதன் சொந்த நிறையே.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் புலப்படும். பிறந்த குட்டியின் நிறை ஏறக்குறைய 100 கிராம். இரண்டு மாதத்தில் அது ஒரு கிலோவை எட்டியும் எட்டாமலும் இருக்கும். வளர்ந்த பூனைக்கென்று செய்த பூட்டை அந்தச் சிறு நிறை திறக்காது. ஆகவே, மிக இளங்குட்டிக்குப் பட்டி வேண்டாம். நான்கு மாதமேனும் நிறையட்டும். ஆறு மாதம்வரை பொறுத்தல் இன்னும் நன்று. அதுவரை குட்டியை வீட்டோடு வைத்திருந்தால், தடுப்பூசிகளுக்கும் கருத்தடைச் சிகிச்சைக்கும் வேண்டிய அவகாசமும் கிடைக்கும்.

பட்டியைக் கட்டும் அளவு யாது? கழுத்துக்கும் பட்டிக்கும் இடையில் உங்கள் விரல் ஒன்றோ இரண்டோ தட்டையாக நுழைதல் வேண்டும். மூன்று விரல் நுழைந்தால் தாடையும் காலும் சிக்க இடம் உண்டு. ஒரு விரலும் நுழையாவிட்டால் மூச்சுக்கும் விழுங்கலுக்கும் தடை. பட்டியைக் கண்டு மிரண்ட குட்டி கழுத்தை விறைப்பாக வைத்திருப்பது இயல்பு. ஆதலால் சற்று நேரம் கழித்து அது அமைதியுற்ற பின்னர் மீண்டும் விரல் வைத்துப் பாருங்கள். வளரும் குட்டிக்குக் கிழமைக்கு ஒரு முறையேனும் இப்படிப் பார்த்தல் அவசியம். சென்ற மாதம் சரியாக இருந்த பட்டி இந்த மாதம் இறுக்கமாகலாம்.

முதல் நாளில் வீட்டினுள்ளே, நம் கண் முன்னே, சில நிமிடம் மட்டும் கட்டிவிட்டுக் கழற்றுங்கள். அவ்வேளையில் உணவு கொடுத்தால் அல்லது விளையாட்டுக் காட்டினால் அது பட்டியை மறந்துவிடும். நாள்தோறும் நேரத்தைக் கூட்டி, முற்றாகப் பழகிய பின்னரே வெளியே விடலாம். கட்டிய கையோடு கதவைத் திறந்துவிடுதல் கூடாது.

மணியைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். பிரித்தானியாவில் நடந்து 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, மணி கட்டிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த பறவைகள் நூற்றுக்கு 41 வீதமும், சிறு விலங்குகள் 34 வீதமும் குறைந்தன என்று கண்டது. ஆகவே அணிலுக்கும் புலுனிக்கும் இரங்குவோர் மணி கட்டலாம். அது சிறிதாகவும் பாரமற்றதாகவும் இருக்கட்டும். வாய் அகன்ற சலங்கையின் பிளவில் குட்டியின் நகம் மாட்டிக்கொள்ளக் கூடும்.

தெள்ளுக்காக மருந்தூட்டிய பட்டிகளையும் கடைகளில் விற்கின்றனர். நாய்க்குரிய மருந்துகள் சிலவற்றில் உள்ள பேர்மெத்ரின் என்னும் பொருள் பூனைக்குக் கொடிய நஞ்சு. நாயின் ஈரல் அதனை முறித்துவிடும். பூனையின் ஈரலுக்கு அத்திறன் மிகக் குறைவு. எனவே நாய்க்குரிய தெள்ளுப் பட்டியை வெட்டிச் சிறிதாக்கிப் பூனைக்குக் கட்டுதல் பெருந்தவறு. பூனைக்கென்றே செய்த பட்டியாயினும், குட்டியின் வயதுக்கு ஏற்றதா என்று மிருக வைத்தியரைக் கேட்டே கட்டவேண்டும்.

இனி ஒரு கேள்வி எழும். 'இழுத்தவுடன் கழன்று விழும் பட்டியை வாங்கி என்ன பயன்? கிழமைக்கு ஒன்று தொலையுமே!' என்று சிலர் கூறுவர். தொலையத்தான் செய்யும். ஆனால், வேலியோரம் வெறும் பட்டி கிடப்பதைக் கண்டால் காசு நட்டம் என்று வருந்தாதீர்கள். அந்தப் பட்டி தான் செய்யவேண்டிய வேலையைச் செய்துவிட்டது. கழலாத பட்டியாக இருந்தால் அங்கே பட்டியோடு குட்டியும் கிடந்திருக்கலாம். ஆதலால் விலையுயர்ந்த ஒன்றை வாங்கிப் பாதுகாப்பதிலும், மலிவான இரண்டை வாங்கி ஒன்றைக் கைவசம் வைத்திருத்தல் மேல். பெயர் பொறித்த தகடும் மெல்லியதாக இருக்கட்டும். பூனையின் பெயரைவிட உங்கள் தொலைபேசி இலக்கமே அதில் முக்கியம். தகடு இல்லாவிடில் அழியாத மையினால் நாடாவிலேயே இலக்கத்தை எழுதிவிடலாம்.

பட்டி கழன்ற பின்னர் பூனையை அடையாளம் காண்பது எங்ஙனம்? அதற்கு மைக்ரோசிப் எனப்படும் நுண்சில்லு உண்டு. அரிசிமணி அளவான இச்சில்லை மிருக வைத்தியர் ஊசி மூலம் தோலின் கீழ் வைப்பார். அதற்கு மின்கலம் இல்லை; கருவியொன்றைக் கிட்டக் கொண்டுவந்தால் 15 இலக்கங்கொண்ட எண் ஒன்றைக் காட்டும். அந்த எண்ணோடு உரியவரின் பெயரும் முகவரியும் பதிவில் இருக்கும். இங்கிலாந்தில் 2024ஆம் ஆண்டு யூன் மாதம் 10ஆந் தேதி முதல் வளர்ப்புப் பூனைகளுக்கு, அவை 20 கிழமை வயதை அடையுமுன், இது சட்டப்படி கட்டாயமாயிற்று. சில்லு நிலையானது, ஆயினும் வீதியிற் போகிறவர் கண்ணுக்குத் தெரியாதது. பட்டி கண்ணுக்குத் தெரிவது, ஆயினும் நிலையற்றது. வசதியுள்ளோர் இரண்டையும் கொள்ளட்டும்.

நேயர்களே, இதுகாறும் கூறியவற்றைச் சுருக்கிச் சொல்வேன். நூல் வேண்டாம், நாய்ப்பட்டி வேண்டாம், இலாஸ்ரிக் வேண்டாம். குட்டியின் நிறைக்குத் திறக்கும் பூட்டு வேண்டும். ஒன்றிரண்டு விரல் இடைவெளி வேண்டும். கிழமைதோறும் ஒரு பார்வை வேண்டும். மற்ற விலங்குகளுக்கு நாம் கட்டுவது, அவை நம்மை விட்டுப் போகாதிருப்பதற்காக. பூனைக்குக் கட்டுவதோ, அது போன இடத்திலிருந்து உயிரோடு திரும்பி வருவதற்காக. ஆகவே அவிழவேண்டிய வேளையில் அவிழ்ந்துவிடும் பட்டியையே தெரிந்தெடுங்கள்.