வேலையும் வழியும்



மத்திய அரசாங்கத்தின் அறிவிப்புகளைத் தமிழில் ஆக்குவது நமது அன்றாடப் பணி. அப்பணியில் சில ஆங்கிலச் சொற்கள் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைப்பதுண்டு. அவற்றுள் ஒன்று ‘கேரியர்’ என்பது. வேலை என்று எழுதினால் இன்றைய கூலி மட்டுமே நினைவுக்கு வருகிறது. உத்தியோகம் என்றால் மேசையும் நாற்காலியும் தோன்றுகின்றன. பிழைப்பு என்றாலோ அன்றாடப் பாடு. ஒருவர் பதினெட்டு வயதில் எங்கே தொடங்கி, ஐம்பது வயதில் எங்கே சென்று சேர்கிறார் என்னும் நீண்ட வழியைக் குறிக்க வழக்கில் ஒரு சொல் எளிதில் அகப்படவில்லை. முடிவில் ‘பணிவழி’ என்று எழுதி வைத்தோம். எழுதிய பிறகு ஓர் எண்ணம் எழுந்தது. ஊரை விட்டு வந்து பிற மாநிலங்களில் உழைக்கும் நம்மவர் பலருக்கு வேலை இருக்கிறது; வழிதான் இல்லை. அவ்வழியை அமைப்பதற்கு அரசாங்கம் செய்தது என்ன, நாம் செய்யத்தக்கது என்ன என்பதே இன்றைய பேச்சு.

இந்தியாவில் வேலைக்கும் பயிற்சிக்கும் அரசாங்கம் பொறுப்பேற்ற வரலாறு போரிலிருந்து பிறந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், படையிலிருந்து விடுவிக்கப்பெறும் வீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945-ஆம் ஆண்டில் ஒரு தலைமை இயக்ககம் ஏற்பட்டது. நாட்டுப் பிரிவினைக்குப் பின்னர், வீடிழந்து வந்த அகதிகளும் அதன் உதவியைப் பெற்றனர். 1948-இல் அதன் கதவு எல்லோருக்கும் திறந்தது. வேலைவாய்ப்பு அலுவலகம் என்று நாம் அறிந்தது இவ்வாறு வளர்ந்ததே.

வேலை தேடித் தந்தால் மட்டும் போதாது, வேலைக்கு ஏற்ற கைகளும் வேண்டும் என்பது விரைவில் விளங்கிற்று. 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியபொழுது, ஏறத்தாழ 50 தொழிற்பயிற்சி நிலையங்கள் அமைந்தன. இன்று அரசாங்கத்தாரும் தனியாரும் நடத்துபவை 14,000-க்கும் மேல்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று இந்நிலையங்களின் நிர்வாகமும், வேலைவாய்ப்பு அலுவலகங்களின் நிர்வாகமும் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பெற்றன. பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றின் தரத்தை வகுப்பது மட்டும் மத்தியில் நின்றது. இந்த ஏற்பாட்டின் நன்மை வெளிமாநிலத்தில் வாழ்வோர்க்கே மிகுதி. கோயம்புத்தூரில் பெற்ற தேசியத் தொழிற்சான்றிதழ் பிலாயிலும் செல்லும், புனாவிலும் செல்லும். இடம் பெயர்ந்தவர் தம்மோடு எடுத்துச் செல்லக்கூடிய சொத்து அது.

பிறகு வந்தது 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். வகுப்பறையில் கற்றது உலைக்கூடத்தின் நடுவே நின்றாலன்றி முதிர்வதில்லை. ஆதலால், தொழிற்சாலைகளே இளைஞரைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்துப் பழக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. 2019-இல் திருத்தப்பெற்ற விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரைக் கொண்ட நிறுவனம், தன் பணியாளர் தொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரையில் பழகுநரைச் சேர்த்தல் வேண்டும்.

இவ்வளவு இருந்தும் குறை எங்கே நேர்ந்தது? ஒன்று, வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பதிவேடு காத்திருப்போரின் பட்டியலாகவே பலருக்கு நின்றுவிட்டது. காலியிடங்களைத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-இல் ஒரு சட்டம் வந்தது உண்மை. ஆனால், பதிவேட்டிலிருந்தே ஆளெடுக்க வேண்டும் என்று அச்சட்டம் தனியாரைக் கட்டாயப்படுத்தவில்லை. மற்றொன்று, தொழிற்பயிற்சியும் பள்ளிப் படிப்பும் ஒன்றையொன்று சந்திக்காத இரண்டு பாதைகளாகச் சென்றன. யாவற்றினும் பெரிய குறை, மேஸ்திரியிடம் உதவியாளாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே தொழில் கற்ற பெருந்திரளான உழைப்பாளிகளின் திறமைக்கு எழுத்து வடிவில் ஒரு சான்றும் இல்லாமற் போயிற்று.

இக்குறைகளைப் போக்க எழுந்தவையே அண்மைக்கால ஏற்பாடுகள். 2013-இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு என்பது வகுக்கப்பெற்றது. தொடக்கத்தில் பத்துப் படிகளாக இருந்த அவ்வேணி, 2023-இல் எட்டுப் படிகளாகத் திருத்தப்பெற்றது. பள்ளியில் கற்றாலும் பட்டறையில் கற்றாலும் ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று காட்டுவதே அதன் நோக்கம். 2015-இல் பிரதம மந்திரியின் திறன் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. முன்பே கற்ற தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் பிரிவு ஒன்றும் அதில் இடம்பெற்றது.

இனி, நாம் கண்ட ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லுவோம். தில்லியில் நாம் வசிக்கும் பகுதியில், விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து வந்த மின்தொழிலாளி ஒருவர் இருக்கிறார். இருபது ஆண்டுகளாக வீடுகளுக்குக் கம்பி இழுத்து விளக்கேற்றியவர். அவரிடமே தொழில் பழகிய இளைஞன் ஒருவன், சான்றிதழ் வைத்திருந்த காரணத்தால், ஓர் ஒப்பந்தக்காரரிடம் அவருக்கே மேற்பார்வையாளனாக வந்து சேர்ந்தான். முன்கற்ற தொழிலுக்குச் சான்றிதழ் பெறலாம் என்று அவரிடம் நாம் கூறியபொழுது, “ஐயா, இருபது வருஷம் வேலை செய்தவனுக்கு இப்பொழுதா பரீட்சை?” என்றார். பிறகு மனம் இசைந்து சென்றார், தேறினார். மறுநாளே கூலி உயர்ந்துவிடவில்லை, அதையும் மறைப்பதற்கில்லை. ஆனால், தம் மகன் தம்மைப்போல் தொடங்கலாகாது என்னும் உறுதி அவருக்கு அன்று பிறந்தது.

மகன் பத்தாம் வகுப்பில் தேறியவன். எலக்ட்ரீஷியன் பயிற்சிக்கு இரண்டாண்டுகள். அதே வேளையில், பொட்டலம் கொண்டுசேர்க்கும் வேலை ஒன்று அவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வாடகை, மளிகை, தங்கையின் பள்ளிச் செலவு இவற்றையெல்லாம் கணக்கிட்ட தாய், “ரெண்டு வருஷம் எப்படித் தள்ளுவது?” என்று கேட்டாள். அக்கேள்விக்கு நம்மிடம் உடனே விடையில்லை.

நேயர்களே, அரசாங்கத்தின் திட்டங்களைப் பல ஆண்டுகளாக மொழிபெயர்த்து வருகிறோம். எத்தனை பேர் பயிற்சி பெற வேண்டும் என்னும் இலக்கு அவற்றில் இருக்கும். பயிற்சிக் கட்டணம் இருக்கும். கருவிகளின் விலையும் இருக்கும். பயிற்சிக் காலத்தில் ஓர் ஏழைக் குடும்பம் இழக்கும் கூலி அந்தக் கணக்கில் வருவது அரிது. வழியின் உண்மையான விலை அதுவே. ஊரில் இருப்பவர்க்குக் கைமாற்றுக் கொடுக்கச் சுற்றத்தார் உண்டு. நகரத்து வாடகை வீட்டில் வாழ்பவர்க்கு அவ்வாதரவு குறைவு. ஏணி இருந்தும், முதற்படியில் கால் வைக்கும்வரை அவர்களால் காத்திருக்க முடிவதில்லை.

ஆகவே மூன்று செய்திகளை வேண்டுகோளாக முன்வைக்கிறோம்.

முதலாவது, தொழிற்பயிற்சியோடு நின்றுவிடாமல், அதைத் தொடர்ந்து பழகுநராகச் சேருங்கள். உதவித்தொகை சிறிதாயினும் வீட்டுக்கு வரும். முடிவில் கிடைக்கும் பழகுநர் சான்றிதழ் நாடெங்கும் மதிக்கப்படும். தொழிற்பயிற்சி பெற்றவர் பாலிடெக்னிக் டிப்ளமாப் படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே சேர்வதற்கும் இடமுண்டு. அங்கிருந்து பொறியியற் பட்டத்துக்கும் வழியுண்டு.

இரண்டாவது, இருப்பிடச் சான்றை முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். பல மாநிலங்களில் பயிற்சி நிலையச் சேர்க்கையில் அவ்வம் மாநிலத்தவர்க்கே முன்னுரிமை. விண்ணப்பக் காலம் வந்தபின் தேடினால் ஓராண்டு வீணாகும்.

மூன்றாவது, தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு சொல். நாம் வாழும் நகரங்களில் விழாக்களுக்குக் குறைவில்லை. ஆண்டுக்கு ஒருநாள், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் அழைத்து, விண்ணப்பங்களைத் தமிழில் விளக்கி நிரப்பித் தரலாம். பயிற்சிக் காலத்துக்கு வட்டியில்லாச் சிறுகடன் கொடுக்கும் நிதி ஒன்றையும் திரட்டலாம். தாய் கேட்ட கேள்விக்கு அதுவே நேரான விடை.

அந்தப் பிள்ளை சென்ற பருவத்தில் பயிற்சியில் சேர்ந்துவிட்டான். தந்தை இரவிலும் ஒரு வேலையை ஏற்றிருக்கிறார். இரண்டாண்டு அவர் தாங்குவாரா என்பது இன்னும் தெரியவில்லை. ஒரு தந்தையின் உடல்வலிமையை நம்பி மட்டும் ஒரு நாட்டின் தொழில் வளம் நிற்றலாகாது. அரசாங்கம் ஏணியை நட்டிருக்கிறது. அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும் கைகள் நம்முடையவையாக இருக்கட்டும்.