வயர் இல்லாத ட்ரில்லும் நிதானமான கையும்

எலெக்ட்ரீஷியன் பையிலும் ஆசாரி பெட்டியிலும் மட்டுமே ஒரு காலத்தில் பார்த்த ட்ரில் மெஷின் இன்று பல வீடுகளில் அலமாரியில் இருக்கிறது. அதிலும் பேட்டரியில் ஓடுவதைத்தான் பலரும் விரும்பி வாங்குகிறார்கள். விசையை அழுத்தினால் துளை விழுகிறது, இதைக் கையாள்வதில் என்ன கலை என்று கேட்கலாம். கலை இருக்கிறது. அது விசையை அழுத்துவதற்கு முன்னால் செய்வதிலும், எந்த இடத்தில் விரலை எடுக்கிறோம் என்பதிலும் இருக்கிறது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1910-ல் பிளாக், டெக்கர் என்ற இருவர் ஒரு பட்டறை தொடங்கினார்கள். கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விரலால் அழுத்தும் விசையும் கொண்ட மின்சார ட்ரில்லுக்கு 1917-ல் காப்புரிமை பெற்றார்கள். இன்றுவரை அந்த உருவம் பெரிதாக மாறவில்லை. அதே நிறுவனம் 1961-ல் பேட்டரி ட்ரில்லைக் கொண்டுவந்தது. விண்வெளிப் பயணத்துக்காக நாசா கண்டுபிடித்த கருவி இது என்று சொல்வார்கள், அது சரியல்ல. கடையில் வந்த பிறகுதான் நிலவுக்குப் போனது. 1971-ல் அப்பல்லோ 15 வீரர்கள் பேட்டரி ட்ரில்லால் நிலவின் தரையைத் துளைத்தார்கள். வெப்பத்தை அளக்கும் கருவியை இறக்க மூன்று மீட்டர் ஆழம் போகத் திட்டம். ஏறத்தாழ ஒன்றரை மீட்டரிலேயே நின்றுவிட்டது. துளையிடும் தண்டின் இணைப்புகளில் வெட்டுப்பள்ளம் சரியாகத் தொடராததால், அறுபட்ட துகள் மேலே வர வழியில்லாமல் இறுகிப்போனது. அடுத்த பயணத்துக்குள் தண்டின் வடிவத்தை மாற்றினார்கள்.

நம் வீட்டுச் சுவரிலும் இதேதான் நடக்கிறது. துளையிடும் முனையான பிட் இறங்காவிட்டால் உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போடுகிறோம். பெரும்பாலும் தேவைப்படுவது அழுத்தம் அல்ல. பிட்டை அவ்வப்போது வெளியே இழுத்து, தூள் கொட்ட வழி விட்டால் போதும்.

இனி பாதுகாப்பு. வயர் உள்ள ட்ரில்லில் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அது வெறும் இரும்பு. பிட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கும் பழக்கமும் பலருக்கு இருந்தது. பேட்டரி ட்ரில்லில் அந்தப் பிளக் இல்லை. பேட்டரி மாட்டியிருக்கும் வரை, மேஜைமேல் கிடந்தாலும் பைக்குள் இருந்தாலும் அது ஓடத் தயாராக இருக்கிறது. முன்னோக்கி, பின்னோக்கிச் சுற்ற வைக்கும் பொத்தானை நடுவில் நிறுத்தினால் விசை பூட்டிக்கொள்ளும். கீழே வைக்கும்போதெல்லாம் அதை நடுவுக்குத் தள்ளுங்கள். பிட் மாற்றும்போது பேட்டரியையே கழற்றிவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மெஷினும் பேட்டரியும் தனித்தனியே இருப்பது நல்லது.

அதே சமயம், வயர் இல்லாததால் ஒரு பெரிய நன்மையும் உண்டு. வீட்டின் மெயினை அணைத்துவிட்டே துளை போடலாம். சுவருக்குள் வயர் ஓடும் வீடுகளில் இதை யாரும் தவறவிடக் கூடாது. சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும், குழாய்க்கு நேர் மேலும் கீழும் துளை வேண்டவே வேண்டாம். மெயினை அணைக்காவிட்டால், மெஷின் பேட்டரியில் ஓடினாலும் பிட் போய்த் தொடும் வயரில் வீட்டு மின்சாரம் இருக்கும். பிட்டைக் கவ்வும் சக் உலோகத்தால் ஆனதாக இருந்தால் அதன் வழியே கைக்கும் வரும்.

அடுத்தது உடை. துப்பட்டா, முந்தானை, தொங்கும் சட்டைக்கை, அவிழ்ந்த கூந்தல் எல்லாம் சுற்றும் பிட்டுக்கு எட்டாமல் ஒதுக்கிக் கட்டப்பட வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்துத் தளர்வான கையுறை போடுகிறார்கள். பிட் அதைச் சுற்றி இழுத்தால் விரலும் சேர்ந்து போகும். பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். சிமெண்ட் பூச்சிலும் செங்கல்லிலும் துளைக்கும்போது பறக்கும் நுண்தூள் நுரையீரலுக்குக் கெடுதல், ஆகவே முகக்கவசமும் வேண்டும். சின்ன மரத்துண்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் துளைப்பது ஆபத்து. கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பிட் மறுபுறம் வெளிவரும் கணத்தில்தான் சிக்கிக்கொண்டு மணிக்கட்டை முறுக்கும். தகட்டில் அது இன்னும் அதிகம். துளை முடியும் தறுவாயில் அழுத்தத்தைக் குறைத்துவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம்.

மெஷினின் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும். அதில் 1, 2, 3 என்று எண்கள். பலரும் அதை வேகம் என்று நினைக்கிறார்கள். அது கிளட்ச். ஸ்க்ரூ எவ்வளவு இறுகியதும் சுற்று நழுவ வேண்டும் என்று நாம் சொல்லிவைக்கும் அளவு. குறைந்த எண்ணில் தொடங்கி, ஸ்க்ரூவின் தலை மரத்தோடு சமமாக அமரும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டினால் தலை தேயாது, பலகையும் பிளவுபடாது. என் கணிப்பில் இந்தக் கருவியிலேயே நுட்பமான பாகம் இதுதான். அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இதுதான்.

வேகத்தை மாற்ற, மெஷினின் மேற்புறத்தில் வேறு பொத்தான் உண்டு. ஒன்றில் வைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400, 500 சுற்று; இழுவை அதிகம். இரண்டில் வைத்தால் 1,500 அல்லது அதற்கு மேல். ஸ்க்ரூவுக்கும் பெரிய பிட்டுக்கும் ஒன்று, சிறிய பிட்டுக்கு இரண்டு. மெஷின் நின்ற பிறகே மாற்ற வேண்டும். சுத்தியல் படம் போட்ட நிலை செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் மட்டும். டைல்ஸில் அதைப் போட்டால் டைலில் விரிசல் விழும். டைலின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, குறி வைத்து, சுத்தியல் இல்லாமல் மெதுவாகத் தொடங்குங்கள். டைலைத் தாண்டிய பிறகு சுத்தியலுக்கு மாற்றலாம். கம்பி கட்டிய தளத்திலும் பீமிலும் வீட்டு பேட்டரி ட்ரில் திணறும். அதற்கு ரோட்டரி ஹேமர் என்ற தனி மெஷின் உண்டு. வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம்.

பேட்டரிக்கு வருவோம். கடையில் ஒன்றில் 18 வோல்ட் என்றும் இன்னொன்றில் 20 வோல்ட் என்றும் எழுதியிருக்கும். 20 பெரிது என்று கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். இரண்டிலும் தொடராக இணைந்திருப்பவை ஐந்து லித்தியம் செல்கள்தாம். ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுதாகச் சார்ஜ் ஆனவுடன் ஒவ்வொன்றும் நான்கு வோல்ட்டைத் தொடும், அப்போது 20. எத்தனை ஆம்பியர் ஹவர் என்று பாருங்கள். எவ்வளவு நேரம் ஓடும் என்பதை அதுதான் சொல்லும்.

பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்தில், முழுதும் தீர்ந்த பிறகே சார்ஜ் போடு என்பார்கள். லித்தியத்துக்கு அது கெடுதல். வேகம் குறைவது தெரிந்தாலே நிறுத்திச் சார்ஜ் போடலாம். ஆனால் வேலை முடிந்த சூட்டோடு போடாமல் ஆறவிடுங்கள். கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் வைக்காதீர்கள். நீண்டநாள் எடுக்க மாட்டோம் என்றால் பாதிச் சார்ஜோடு, குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஆணியும் ஸ்க்ரூவும் கிடக்கும் டப்பாவில் பேட்டரியைப் போட்டால் முனைகள் இணைந்து தீப்பிடிக்கக்கூடும். உப்பிய பேட்டரியையும் தண்ணீரில் விழுந்த பேட்டரியையும் மறுபடி சார்ஜரில் போடக் கூடாது. அவற்றைக் குப்பையிலும் எறியக் கூடாது. இந்தியாவில் 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. நாம் அதைக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுத்தால் போதும்.

பராமரிப்பு எளிது. மோட்டாரின் காற்றுத் துளைகளை உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். சக்கை விரித்துக் கவிழ்த்துத் தட்டினால் உள்ளே சேர்ந்த சிமெண்ட் தூள் கொட்டும். தண்ணீரோ பெட்ரோலோ வேண்டாம். கார்பன் பிரஷ் உள்ள மெஷினில் தீப்பொறி அதிகமாகத் தெரிந்தாலோ, விட்டுவிட்டு ஓடினாலோ பிரஷ் தேய்ந்திருக்கலாம், சர்வீஸில் காட்டுங்கள். பிரஷ்லெஸ் மோட்டாருக்கு அந்தச் செலவு இல்லை. பிட்டின் கூர்மையையும் கவனியுங்கள். நல்ல பிட் சாதாரண இரும்பைச் சுருளாகச் சீவித் தள்ளும். மழுங்கியது பொடியாக அரைத்துச் சூடேறும். அப்போது மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை.

மொத்தத்தில், வீட்டு வேலைக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான கருவி இல்லை என்று தயங்காமல் சொல்வேன். கை உழைப்பை அது குறைத்திருக்கிறது, கவனத்தைக் குறைக்கவில்லை. வாங்கியவுடன் சுவரில் தொடங்காமல், வேண்டாத பலகைத் துண்டில் நாலு துளை போட்டு, கிளட்ச்சைத் திருப்பிப் பார்த்து, பொத்தானை நடுவில் நிறுத்தப் பழகுங்கள். சுவருக்கு அதன் பிறகு வரலாம்.