கால் முன்னே வர மறுத்தால்

சூரிய நமஸ்காரத்தில் புதியவர்கள் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பின்னால் நீட்டிய காலை ஒரே வீச்சில் இரு கைகளுக்கும் நடுவே கொண்டுவந்து வைக்க வேண்டும். இடுப்பு இறுகியவர்களுக்குக் கால் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

இதற்கு வழி உண்டு. முதலில் இரு முழங்கால்களையும் தரையில் ஊன்றிக்கொள்ளலாம். உள்ளங்கைகளுக்கு அடியில் கைக்கொரு மரக்கட்டை வைத்தால், கால் நுழைய இடம் கிடைக்கும். அப்படியும் எட்டவில்லையா? கணுக்காலைக் கையால் பிடித்து முன்னே நகர்த்தலாம்.

புனேயில் யோக ஆசிரியர் பி.கே.எஸ். அய்யங்கார் இப்படிக் கட்டை, கயிறு, நாற்காலி ஆகியவற்றின் துணையோடுதான் பலருக்கும் ஆசனம் கற்பித்தார். சென்னையில் 1976-ல் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை நிறுவிய தேசிகாச்சார், ஆளுக்கேற்ற பயிற்சியையே வலியுறுத்தினார்.

மூட்டுவலிக்காரர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நாற்காலியில் அமர்ந்தபடியே பயிற்சியைத் தொடங்கலாம்.