இலக்கியக் களவு



களவு என்றதும் தமிழ் மாணவர்க்கு அகத்திணையே நினைவில் எழும். ஈண்டுப் பேசப்படுவது அக்களவன்று. கற்பில் முடியும் பேறு இதற்கில்லை. ஒருவர் எழுதியதை மற்றொருவர் தம் பெயரில் வெளியிடுவதே இவ்வுரையின் பொருள். முன்னாளில் அதற்குத் தாளும் அச்சகமும் வேண்டியிருந்தன. இன்று இணையத்தில் ஒரு நொடி போதும்.

இதனைப் பேச உத்திரமேரூர் தக்க இடமே. வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தகன் காலத்தில் கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகள், பிறர் பொருளைக் கவர்ந்தவனை வாரியப் பணிக்கு ஆகாதவன் என விலக்குகின்றன. எழுத்தை எண்ணிச் செய்த விதியன்று அது. ஆயினும் எழுத்தும் உழைத்துச் சேர்த்த பொருள்தானே!

பிறர் கருத்தை எடுப்பதே குற்றமெனின் தமிழில் எந்நூலும் எஞ்சாது. தொல்காப்பியர் நூற்பாக்கள் பலவற்றில் 'என்ப', 'மொழிப' என முன்னோரைச் சுட்டியே செல்கிறார். வழிநூல் என்றொரு வகையையே வகுத்த மரபு இது. முதனூலை மறைத்தபின் வழிநூல் ஏது?

இவ்வகையில் சிக்கலான சான்று புதுமைப்பித்தன். பிறமொழிக் கதையின் ஊரையும் பேரையும் மாற்றித் தமிழ்க் கதைபோல் தருவதை அவர் வன்மையாகக் கண்டித்தார். 1937-இல் எழுந்த விவாதத்தில் தழுவலைத் திருட்டென்றே கொண்டு, மொழிபெயர்ப்பே நேரிய வழி என்றார். 1948-இல் அவர் மறைந்தார். பின்னர் நூலுருப் பெற்ற அவர் கதைகளுள் 'பயம்', 'கொலைகாரன் கை' முதலியன தழுவல்கள் என ஆய்வாளர் காட்டினர். கண்டித்தவரே களவாடினார் என்ற ஏச்சு எழுந்தது. அவற்றை அவர் தம் வாழ்நாளில் நூலாக்கவில்லை என்பது மறுமொழி. அம்மறுமொழி ஏச்சைத் தணிக்குமேயன்றி முற்றும் நீக்காது. கதையின் அடியில் மூல ஆசிரியர் பெயரை ஒரு வரியில் குறித்திருந்தால் இவ்வழக்கே இல்லை. 2002-இல் அவர் நூல்கள் நாட்டுடைமையாயின. இனி எவரும் அவற்றை அச்சிடலாம். எழுதியவர் ஆகிவிட முடியாது.

ஆய்வேட்டுக்குப் பல்கலைக்கழக மானியக்குழு 2018-இல் விதி செய்தது. நூற்றுக்கு 60-க்கு மேல் ஒப்புமை காணின் ஆய்வாளரின் பதிவே நீக்கப்படும். கவிஞர்க்கு இத்தகைய அளவுகோல் இல்லை. நான்கடிக் கவிதையின்கீழ் ஒரு பெயர் மாறினால் முழுமையும் போயிற்று.

1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியதுமே உரிமை பிறக்கும், பதிவு கட்டாயமன்று. உரிமையை விற்றபின்னும் தம் படைப்பெனக் கூறும் உரிமையை 57 ஆம் பிரிவு ஆசிரியரிடமே நிறுத்துகிறது. இணையத்தில் களவு போனால், அதனைத் தாங்கி நிற்கும் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் முறையிடலாம். முறையீடு தக்கதெனக் கண்டால் 36 மணி நேரத்துள் அப்பக்கத்தை முடக்க வேண்டும் என்பது 2013 ஆம் ஆண்டு விதி. ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை வாராவிடின் மீண்டும் திறந்துவிடலாம். சிற்றூர்க் கவிஞர் அத்தனை நாளுக்குள் ஆணை பெறுவது எளிதோ?

ஆதலின் கையெழுத்துப் படியையும் வெளியிட்ட நாளையும் காத்து வைத்தல் வேண்டும். இலக்கிய வட்டமும் கூட்டந்தோறும் படிக்கப்பெறும் கவிதைகளை ஆசிரியர் பெயர், நாள் ஆகியவற்றுடன் பதிவேட்டில் ஏற்றி, வந்திருந்தோர் கையொப்பம் பெற்று வைக்கலாம். வழக்கு எழும் நாளில் அவ்வேடு சான்று கூறும்.