மீனத்திற் சனி



மிஷன் பாடசாலையிற் படித்தவன் சனீஸ்வரனைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று முன்வரிசையிற் சிலர் புன்னகை செய்கிறீர்கள். பைபிள் வகுப்பில் இருந்த காலத்திலும் புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரித்து, காகத்துக்குச் சோறு வைத்த பின்பே உண்டவன் நான், பொறுத்தருள்க.

சனி ஓர் இராசியில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு தங்குவான். மீனமோ குருவின் வீடு. அவ்வீட்டிற் சனி நிற்கப் பிறந்தவன் அரசரின் நம்பிக்கைக்குரியவனாய், நல்ல மனைவி மக்கள் உடையவனாய் வாழ்வான் என்று வராகமிகிரர் பலன் சொல்கிறார். நாம் அஞ்சுவது பிறப்பில் நின்ற சனிக்கு அன்று. இன்று வானில் நடக்கும் கோசாரச் சனிக்கே. அதைச் சந்திரன் நின்ற இராசியிலிருந்து எண்ணுவார்கள். 3, 6, 11ஆம் இடங்கள் நன்று. மீனத்துச் சனி கும்பம், மீனம், மேடக்காரருக்கு ஏழரை, சிம்மத்துக்கு அட்டமம், கன்னிக்கு ஏழாமிடம், அதாவது கலியாணத்தைச் சொல்லும் இடம்.

சங்கடம் இங்கேதான். திருக்கணிதப்படி சனி மீனம் புகுந்தது 2025 மார்ச் 29இல். வாக்கியப்படியோ 2026 மார்ச்சில். திருநள்ளாற்றுக் கோவிலும் தான் வாக்கியத்தையே கைக்கொள்வதாக அறிவித்தது. ஆக, ஏறக்குறைய ஓராண்டு காலம் ஒரே சனிக்கு இரண்டு வீடு! வாக்கியம் என்பது முன்னோர் மனனஞ் செய்வதற்காக வசனங்களாகக் கட்டிவைத்த கணக்கு. திருக்கணிதம் வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கு.

அந்த ஓராண்டினுள் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்குச் சம்பந்தம் பேசினார்கள். அவர் கன்னி இராசி. எல்லாம் பொருந்தி வந்தபின், "ஏழிலே சனி" என்று மாப்பிள்ளை வீட்டார் பேச்சை முறித்துக்கொண்டார்கள். வாக்கியத்தைப் புரட்டியிருந்தால் சனி கும்பத்தில், ஆறாமிடத்தில், நல்ல இடத்தில் அல்லவா இருந்திருப்பான்? வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டார் வருடப் பிறப்புக்கு மருத்துநீர் வைத்தது வாக்கியப்படி! அக்காவிடம் எவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. வந்தவர்கள் குடித்த தேநீர்க் கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

2025 புரட்டாதியில் ஒருநாள் மாலை திருகோணமலைக் கடற்கரையில் நின்றேன். செப்டெம்பர் 21இல் சனி சூரியனுக்கு நேரெதிரே வந்திருந்த காலம் அது. பொழுது பட்டதும் கிழக்கே கடலுக்கு மேல் மங்கிய மஞ்சளாய் எழுந்தது. 1610இல் கலிலியோ தொலைநோக்கியிற் கண்டு திகைத்ததும், அதைச் சுற்றி வளையம் உண்டென 1659இல் ஹைகன்ஸ் விளக்கியதும் இந்தக் கிரகத்தைத்தான். கும்பத்துக்கும் மீனத்துக்கும் நடுவே வேலி ஏதும் என் கண்ணுக்குத் தென்படவில்லை.

சோதிடத்தைக் கைவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. புரட்டாதி விரதத்தை நானும் விடப்போவதில்லை. பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம் மட்டும்: நமது மன்ற வாசிகசாலையில் இரண்டு பஞ்சாங்கங்களும் பக்கத்திற் பக்கமாகத் தொங்கட்டும். சம்பந்தம் பேசுவோர் இரண்டையும் விரித்துப் பார்க்கட்டும். பார்க்கும்போது அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு இருத்துங்கள்.